சம்பந்திக்கு என்ன கூலி

முற்பகல் வெயிலில், பாரதியார் சாலைக் கடைத்தெருவின் நட்டநடுவில், அந்த வெள்ளைக் கார் மூக்கிலிருந்து ஆவி விட ஆரம்பித்தது. ஜவஹர் அலி அதை ஒரு பழத் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு, கீழே இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். இறங்கினால் ஆலோசனை சொல்வார்கள். யாருக்காகவோ காத்திருக்கிற மாதிரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், செல்போனைப் பார்த்தார், எதிர்க்கடை போர்டில் இருந்த எழுத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் படித்தார். ஆனால் காரைக்காலில் ஒரு மனுஷன் நிம்மதியாக அவமானப்பட்டுவிட முடியுமா? பழக்காரர் தண்ணீர் பாட்டிலோடு வந்துவிட்டார். அவர் பின்னாலேயே நாலு பேர். ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது என்றார் ஒருவர். உடனே திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் வண்டியை என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று விசாரித்து, பதிலைக் கேட்டதும் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். தலத்தெரு மெக்கானிக் சாதிக் பாட்சா உங்கள் சம்பந்திதானே, அவரிடம் காட்டவில்லையா?

காட்டாமல் இருப்பாரா? காட்டிக் காட்டித்தான் வண்டி இந்தக் கதியில் நிற்கிறது என்று வாய்வரை வந்ததை ஜவஹர் அலி விழுங்கிக்கொண்டார். "காட்டணும், காட்டணும்" என்று மட்டும் சொன்னார்.

குவைத்தில் ஒரு மீன் குளிர்பதனக் கிடங்கில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஊரோடு வந்தவர் அவர். டன் கணக்கில் மீனைக் கெடாமல் குளிர வைத்திருந்த மனுஷனுக்கு ஒரே ஒரு காரைக் குளிர வைக்கத் தெரியவில்லை என்று அவருடைய மனைவி கமர் நிஷா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். வண்டி ஓகுஸ்தேன் என்கிற பிரெஞ்சு சர்க்கார் பென்ஷன்காரருடையது. பாரிஸில் இருக்கும் மகனோடு போய் இருக்கப்போகிறேன் என்று அவர் விற்றார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கும், மாதம் ஒரு தடவை பேங்குக்கும் தவிர வேறெங்கும் போகாத வண்டி, குழந்தை மாதிரி என்று அவர் சொன்னதை ஜவஹர் அலி அப்படியே நம்பினார். ஒரே மகள் ரிஃபானாவின் கல்யாணத்துக்கு முன்னால் வீட்டு வாசலில் ஒரு கார் நிற்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. நின்றது. மாப்பிள்ளை அஜ்மீர் துபாயில் ஒரு அத்தர்க் கடையில் வேலை பார்க்கிறவன், லீவில் வந்து கல்யாணம் முடித்தவன். அவர்கள் குடும்பங்களில் வழக்கம், கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். அஜ்மீரும் ஒரு பெட்டி, நாலு சட்டை, வீடு முழுக்க அத்தர் மணம் என்று வந்து சேர்ந்தான். அவனுடைய வாப்பாதான் சாதிக் பாட்சா. மனைவி மவுத்தாகி இரண்டு வருஷமாகிறது. தலத்தெருவில் முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு என்று இப்போது அவர் தனி ஆள்.

கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளிலேயே வண்டி முதல் தடவை கொதித்தது. சம்பந்தியே மெக்கானிக்காக இருக்கும்போது வேறு யாரைக் கூப்பிடுவது? போனை வைத்த கையோடு சாதிக் பாட்சா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கல்யாண விருந்துகளுக்குப் பிறகு அவர் இந்த வாசலை மிதித்தது அன்றைக்குத்தான். ஒரு ரப்பர் குழாய் வெடித்திருந்தது. அதை மாற்றினார், தண்ணீர் ஊற்றினார், கையைத் துடைத்தார். ஜவஹர் அலியின் கை சட்டைப் பைக்குப் போய், பாதி வழியில் நின்றுவிட்டது. சம்பந்திக்குக் கூலியை எப்படிக் கொடுப்பது? கொடுத்தால், உன்னைக் கூலிக்காரனாகத்தான் பார்க்கிறேன் என்று ஆகும். கொடுக்காவிட்டால், ஓசியில் வேலை வாங்கிக்கொண்டார் என்று ஆகும். "குழாய்க்காச்சும்…" என்று இழுத்தார். சாதிக் பாட்சா காதில் விழாதவர் மாதிரி ஸ்பேனரைத் துணியில் சுற்றினார். சரி, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று கையைப் பிடித்து உட்கார வைத்து, கமர் நிஷா அவசரமாக நெய்ச்சோறும் கோழியும் ஆக்கி, மூக்குமுட்டப் போட்டு, மிச்சத்தை ஒரு கேரியரில் கட்டிக் கொடுத்தாள்.

வினை அந்தக் கேரியரில் பிடித்தது. வந்த பாத்திரத்தை யாராவது வெறுமனே திருப்பி அனுப்புவார்களா? சாதிக் பாட்சா வீட்டில் அடுப்பெரிக்க ஆள் கிடையாது. ஆகவே நாலு அடுக்கிலும் கடை அல்வா வந்தது. சர்க்கரைக்கு மாத்திரை போடும் ஜவஹர் அலி அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அதற்குள் வண்டி மறுபடி கொதித்தது. சாதிக் பாட்சா மறுபடி வந்தார். இந்தத் தடவை ரேடியேட்டரில் அடைப்பு என்றார். போன தடவை கோழி போட்டாயிற்று, இந்தத் தடவையும் கோழியா என்று கமர் நிஷா ஆட்டுக்கறி எடுக்கச் சொன்னாள். மூன்றாவது தடவை வாட்டர் பம்ப், கொடுவா மீன். அதற்கடுத்தது வால்வு, இறால். ஒரு வெள்ளிக்கிழமை மூடி சரியில்லை என்று ரேடியேட்டர் மூடியை மட்டும் மாற்றினார். அன்றைக்குக் கல்யாண விருந்துக்கு ஆக்குகிற அஞ்சு கறிச் சோறே ஆக்கும்படி ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் கேரியர் போயிற்று, அல்வாவாகத் திரும்பி வந்தது. ஃப்ரிட்ஜைத் திறந்தால் அல்வா, மூடினால்தான் நிம்மதி.

கூட்டாளி ஒருவருக்காகக் கேட்கிற மாதிரி ஜவஹர் அலி ஊரில் இருக்கிற மற்ற பட்டறைகளில் கூலி விசாரித்து வைத்திருந்தார். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய எண்ணூறு, வாட்டர் பம்ப் மாற்ற ஆயிரத்து ஐந்நூறு. ஆட்டுக்கறி விற்கிற விலைக்கு அதெல்லாம் சல்லிசு. கூலியில்லாத மெக்கானிக்கைப் போலச் செலவு வைக்கிற மெக்கானிக் உலகத்திலேயே கிடையாது என்கிற முடிவுக்கு அவர் வந்திருந்தார்.

செலவு போகட்டும், வண்டியாவது ஓடினதா? அதுதான் வேடிக்கை. வேலை முடிந்ததும் சாதிக் பாட்சா மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு புறவழிச் சாலையில் ஓட்டிப் பார்ப்பார். சூடு காட்டும் முள் பாதிக்கு மேல் அசையாது. மறுநாள் ஜவஹர் அலி கடைத்தெருவில் நாலு மாட்டுக்கும் நாற்பது ஸ்கூட்டருக்கும் நடுவில் ஊர்ந்தால், முள் விறுவிறு என்று ஏறிச் சிவப்பில் போய் நிற்கும். தலத்தெரு சாதிக் பாட்சா என்றால் சிதம்பரத்திலிருந்து வண்டி கொண்டு வந்த காலம் உண்டு. மனைவி போன துக்கத்தில் கைப்பழக்கம் விட்டுப்போய்விட்டது என்று ஜவஹர் அலி நினைத்துக்கொண்டார். அவருக்குப் பாவமாகவே இருந்தது. கமர் நிஷாவுக்கு வேறு அபிப்பிராயம். வாய்க்கு ருசியாக ஆக்கிப் போட ஆளில்லாத மனுஷன், அந்தச் சோற்றுக்காகவே வருகிறாரோ என்னவோ, வந்துவிட்டுப் போகட்டும் என்றாள்.

இப்படியே ஓடியிருக்கும். ஆனால் அஜ்மீரின் லீவு முடியப்போகிறது. அடுத்த புதன்கிழமை திருச்சியிலிருந்து விமானம். நம்ம கார்லதான் கொண்டுபோய் விடணும் என்று ரிஃபானா பிடிவாதமாக நின்றாள், கல்யாணமான பிறகு அவள் கேட்ட முதல் காரியம் அது. ஜவஹர் அலி திருச்சி வழியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். வண்டி திருவாரூர் தாண்டி எங்காவது நட்ட வயலுக்கு நடுவில் ஆவி விட்டுக்கொண்டு நின்றால் விமானம் போய்விடும். குறித்த நாளில் போய்ச் சேராவிட்டால் வேலையும் போய்விடும் என்று அத்தர்க் கடை முதலாளி ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார். வாடகை வண்டி ஒன்று சொல்லிவிடலாமா என்று ஜவஹர் அலி நைசாகப் பேச்செடுத்தபோது சாதிக் பாட்சா பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே பதில் சொன்னார்.

"நம்ம வண்டி இருக்கையில வாடகை வண்டி எதுக்கு சம்பந்தி? அன்னைக்கு ஓடும். நான் பொறுப்பு."

இத்தனை தடவை தோற்ற மனுஷன் எந்த நம்பிக்கையில் பொறுப்பு ஏற்கிறார் என்று ஜவஹர் அலிக்கு விளங்கவில்லை. மீறி வாடகை வண்டி வைத்தால், பெற்ற மகனுக்கு முன்னாலேயே அவருக்குத் தொழில் தெரியாது என்று சொன்னதாகிவிடும். அப்புறம் மாப்பிள்ளை எந்த முகத்தோடு இந்த வீட்டில் தங்குவார், மகள் எந்த முகத்தோடு மாமனாருக்கு சலாம் சொல்வாள்? வேறு பட்டறைக்குக் கொண்டுபோனாலும் அதே கதைதான். காரைக்காலில் எந்தப் பட்டறையில் விட்டாலும், வண்டி வீடு திரும்புமுன் சேதி தலத்தெருவுக்குப் போய்விடும்.

வரிச்சிக்குடியில் ஒரு வயல் விலைக்கு வருகிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு, மறுநாள் காலை ஜவஹர் அலி வேறு திசையில் திருநள்ளாற்றுக்கு வண்டியை விட்டார். சனிக்கிழமையாக இருந்தால் வெளியூர்க் கார்கள் வரிசைகட்டிக் கொதிக்கிற ஊர் அது. அன்றைக்கு வியாழக்கிழமை, கூட்டமில்லை. கோயில் தெருக்களைத் தாண்டி வயலோரமாகக் குஞ்சிதபாதம் என்பவருடைய பட்டறை. சுவரில் பச்சைப் பெயின்ட்டில் பெரிய எழுத்தில், எந்த வேலைக்கு எவ்வளவு கூலி என்று எழுதிப் போட்டிருந்தது. கீழே, பொருள் தனி, லேபர் தனி, பேரம் கிடையாது என்றும் இருந்தது. ஜவஹர் அலிக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு மரியாதையான சுவர்! கேட்க வேண்டியதில்லை, இழுக்க வேண்டியதில்லை, ஆடு அறுக்க வேண்டியதில்லை. எவ்வளவு ஆனாலும் சுளையாகக் கொடுத்துவிடலாம் என்று பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

குஞ்சிதபாதம் வாயில் வெற்றிலையோடு வந்து பானெட்டைத் திறந்தார். இன்ஜினை ஓடவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முள் ஏறியது. அவர் குனிந்து ரேடியேட்டருக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். பிறகு வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். வந்தவர் இன்ஜினை அணைத்துவிட்டு, வண்டியை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டார். காரைக்காலில் ஒருத்தர் என்றார் ஜவஹர் அலி.

"சாதிக் பாய்ங்களா?"

அவர் என் சம்பந்திதான் என்று ஜவஹர் அலி ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. குஞ்சிதபாதம் அவரைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார். ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு மின்விசிறி இருக்கிறது. ரோட்டில் வேகமாகப் போனால் காற்றே போதும், நெரிசலில் ஊரும்போது அந்த விசிறி சுற்றினால்தான் சூடு இறங்கும். அதற்குப் போகிற வயர் கழன்றிருந்தது. தானாகக் கழன்றதில்லை. முனையில் தண்ணீர் படாமல் கறுப்பு டேப் சுற்றி, சூடான இடத்தில் உரசாமல் மேலே தூக்கி, நூல் கயிற்றால் கட்டி வைத்திருந்தது. பாயிடம் மூன்று வருஷம் வேலை பார்த்தவன் நான், இந்த முடிச்சை அவர் மட்டும்தான் போடுவார் என்றார் குஞ்சிதபாதம். மற்றபடி பம்ப், குழாய், மூடி எல்லாமே புதுசு, முதல் தரமான சாமான், சொந்தக் காசைப் போட்டிருக்கிறார் என்றார்.

"இவ்வளவு அக்கறையா யாரும் ஒரு வண்டியக் கெடுக்க மாட்டாங்க. என்ன காரணமோ, எனக்கு வெளங்கலைங்க."

வயரை மாட்டி, தன் அடையாளத்துக்கு ஒரு சிவப்பு டேப்பைச் சுற்றிவிட்டார். விசிறி விர்ரென்று சுற்றியது. ஜவஹர் அலி சுவரைப் பார்த்தபடி பையிலிருந்து பணத்தை எடுத்தார். குஞ்சிதபாதம் இரண்டடி பின்னால் போனார். ஒரு வயர் மாட்டினதற்குக் கூலி வாங்கினால் நாளைக்கு பாய் முகத்தில் முழிக்க முடியாது, அதுவும் அவர் சம்பந்தியிடம் வாங்கினால் கேட்கவே வேண்டாம், வந்ததையே மறந்துவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். இத்தனை பெரிய எழுத்தில் கூலி எழுதிப் போட்ட பட்டறையிலும் அவருக்கென்று ஒரு கூலி கிடைக்கவில்லை.

திரும்பி வருகையில் கடைத்தெருவில் வேண்டுமென்றே இரண்டு சுற்றுச் சுற்றினார். முள் அசையவில்லை. பழக்காரர் ஆச்சரியப்பட்டுக் கையாட்டினார். வண்டி குளிர்ந்து கிடந்தது, ஜவஹர் அலிதான் உள்ளே கொதித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு ஆடு, எவ்வளவு மீன், எவ்வளவு அல்வா! நடுத்தெருவில் என்னை நிற்க வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு என் வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று வாசலுக்கு வருவதற்குள் நாற்பது வார்த்தை சேர்த்துவிட்டார். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவராகவே வரட்டும், பானெட்டைத் திறக்கட்டும், அப்போது கேட்கிறேன் என்று காத்திருந்தார்.

அவர் வரவில்லை. வண்டி கொதிக்கவில்லை, யாரும் போன் செய்யவில்லை, அவர் எப்படி வருவார்? வெள்ளி போயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து ஜவஹர் அலி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது, அஜ்மீர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான். காரை ஒரு சுற்றுச் சுற்றினான். பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

"மாமா, வண்டி இப்ப ஹீட் ஆகலைங்களா?"

இல்லை மாப்ள, நல்லா ஓடுது என்றார் ஜவஹர் அலி. அதைக் கேட்டு அவன் முகம் மலரவில்லை. ரொம்பச் சந்தோஷம் என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றான். வாப்பாவைப் பார்க்க வேண்டுமென்றால் வரச் சொல்லுங்களேன், வண்டி ஓடினால் வரக்கூடாது என்று இருக்கிறதா என்று இவர் கேட்டார்.

"சும்மா எப்படி மாமா வருவாங்க? சம்பந்தி வீடுல்ல. பட்டறைக்கு நான் போனா, சட்டை அழுக்காயிடும் வீட்டுக்குப் போடான்னு வெரட்டிடுவாங்க. சின்னதிலேர்ந்தே அப்படித்தான். இங்கதான்… இந்த வண்டியிலதான் அவங்க எங்கிட்ட கொஞ்சம் பேசுனாங்க."

சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்கிற மாதிரி உள்ளே போய்விட்டான்.

ஜவஹர் அலி நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. சேர்த்து வைத்த நாற்பது வார்த்தையும் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் சாதிக் பாட்சா அஸருக்குப் பிறகுதான் வந்தார், மாப்பிள்ளை வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து. அரைமணி வேலையை பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் இழுத்தார். இதைப் பிடி, அதை எடு என்று பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். ஒருநாள் பானெட்டுக்குள்ளிருந்து இரண்டு பேரும் சிரித்த சத்தம்கூட வந்தது. அப்போது கமர் நிஷா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள், இவர் கறிக்கடைக் கணக்கை நினைத்துக்கொண்டிருந்தார். லீவின் கடைசி வாரம் எப்படி இருக்கும் என்று ஜவஹர் அலிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குவைத்துக்குக் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் ரிஃபானாவிடம் என்ன பேசுவதென்று தெரியாமல், நன்றாக எரிகிற டியூப் லைட்டைக் கழற்றி, ஸ்டூலைப் பிடிச்சுக்க வா என்று அவளைக் கூப்பிட்டிருக்கிறார். இந்த மனுஷன் மேல் இப்போதுதான் அவருக்கு நிஜமாகவே பாசம் வந்தது.

எழுந்து போய், உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, பானெட்டைத் திறந்தார். குஞ்சிதபாதம் காட்டியபோது எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. இப்போது பார்த்தால் எல்லா வயரும் கறுப்பு. சிவப்பு டேப் ரேடியேட்டர் இடுக்கு இருட்டில் கண்ணில் படவே இல்லை. கைக்கு வாகாக முன்னால் இருந்த ஒரு வயரைப் பிடித்து, பிஸ்மி சொல்லி, வெடுக்கென்று இழுத்தார். பானெட்டைச் சாத்திவிட்டுப் போனை எடுத்தார்.

"சம்பந்தி, வண்டி மறுபடி ஆவி விடுதுங்க. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

ஸ்கூட்டர் இதுவரை வந்ததைவிட வேகமாக வந்தது. சாதிக் பாட்சா சலாம் சொல்லி, சட்டைக் கையை மடித்து, பானெட்டைத் தூக்கினார். குனிந்தவர் அப்படியே நின்றார். அவர் கட்டி வைத்த வயர் கட்டில் இல்லை. சிவப்பு டேப்போடு விசிறியில் ஒழுங்காக மாட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில், சூட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஹாரன் வயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து ஜவஹர் அலியைப் பார்த்தார். ஜவஹர் அலி அவசரமாகத் தென்னைமரத்தைப் பார்த்தார்.

"குஞ்சிதபாதம் எவ்வளவு வாங்குனான்?" என்றார் சாதிக் பாட்சா, மெல்லிய குரலில்.

"ஒண்ணும் வாங்கலைங்க."

"வாங்க மாட்டான்." அவர் காது நுனி சிவந்திருந்தது. துணியை எடுத்து, அழுக்கே படாத கையைத் துடைத்தார். மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

சொல்லத் தேவையில்லை என்று ஜவஹர் அலி முந்திக்கொண்டார். "பெரிய வேலைங்களா சம்பந்தி?"

சாதிக் பாட்சா தொங்குகிற வயரை இன்னொரு தடவை பார்த்தார். "கொஞ்சம் பெரிய வேலைதான்."

"நாளைக்கும் வர வேண்டியிருக்குமோ?"

"வரணும். நாளான்னைக்கும் வரணும்."

"புதன்கிழமை வண்டி ஓடணும்."

"ஓடும்" என்றார் அவர். இந்தத் தடவை ஜவஹர் அலி நம்பினார். உள்ளே திரும்பி, மாப்பிள்ளையை வரச் சொன்னார். அஜ்மீர் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தான். வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டு வாடா என்று அவன் வாப்பா அதட்ட, பரவாயில்லை வாப்பா என்று அவனும் பானெட்டுக்குள் தலையை விட்டான்.

ஜவஹர் அலி அடுப்படிக்குப் போனார். இரண்டு நாளாக ஓய்ந்திருந்த கமர் நிஷா, மறுபடியுமா என்று தலையில் கை வைத்தாள். மறுபடியும்தான், புதன்கிழமை வரைக்கும் தினமும்தான், நெய்ச்சோறு போடு என்றார். ஜன்னல் வழியே பார்த்தால் திறந்த பானெட்டுக்குக் கீழே இரண்டு முதுகுகள் மட்டும் தெரிந்தன. என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்கவில்லை, அவர் கேட்க முயலவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஹாரன் ஒரு தடவை பலமாக அடித்தது. ஐயோ, அதற்குள் மாட்டிவிட்டாரா என்று ஜவஹர் அலிக்குத் திக்கென்றது. வாசலில் பேச்சு நின்றது. பிறகு யாரோ ஹாரனை மறுபடி அமுக்கிப் பார்த்தார்கள், சத்தம் வரவில்லை. முதுகுகள் இரண்டும் திரும்பக் குனிந்துகொண்டன.